கொடையும் கடனும்

அயர்லாந்தில் 1884-ஆம் ஆண்டு தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தில், ஆட்டக்காரர்க்குப் பயணப்படி உண்டு, சம்பளம் இல்லை. டப்ளின் குரோக் பார்க் அரங்கில் 80,000 பேர் ஆரவாரிக்க ஆடியவர், மறுநாள் ஆசிரியராகவோ உழவராகவோ பணிக்குத் திரும்புகிறார். வாரத்திற் பல மாலைகள் பயிற்சிக்கே போய்விட, இல்லத்துக்கு எஞ்சும் பொழுது சிறிது.

2015-இல் ஆண்டின் சிறந்த காற்பந்தாட்டக்காரர் விருது பெற்ற ஜாக் மெக்காஃப்ரி, மருத்துவரான பின் 2020-இல் டப்ளின் அணியினின்று விலகினார். 2023-இல் மீண்டும் ஆடினார்.

விலகுவோர் கடமை தவறியவரா? அவரை ஆளாக்கியது ஊர்ச்சங்கம் என்பது மெய்யே. ஆயினும், ஊதியம் பெறுபவரை ஒப்பந்தம் கட்டும். அன்பினால் அளிப்பவர்க்கு அன்பே எல்லை. கொடையைக் கடனென வற்புறுத்திக் கேட்டால், கொடுக்கும் இன்பம் மாய்ந்துவிடும். ‘ஏன் போனாய்?’ என வினவுமுன், ‘எவ்வளவு கேட்டோம்?’ என நம்மையே வினவுதல் அறம்.