முத்தட்டும் என்றிருந்த காலம்



மதுரையில் ஒரு பெரிய மனிதர் காலமானால் செய்தித்தாளுக்கு முன்னால் சுவருக்குத் தெரிந்துவிடும். விடிவதற்குள் பசை வாளியும் கையுமாக ஆட்கள் வந்து ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 2023 நவம்பரில் தோழர் என். சங்கரய்யா மறைந்தார். அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கியிருந்த நேரத்தில், 1941இல், சிறைக்குப் போனவர். அடுத்த மாதமே விஜயகாந்த். 2005இல் அவர் கட்சி தொடங்கியது இந்த ஊரில்தான். இருவருடைய காலத்துக்கும் கொடி உண்டு, கோஷம் உண்டு. நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

கொடியே இல்லாமலும் ஒரு காலம் இங்கே நடந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் 2025 ஜூலை 24 அன்று காலமானார். கண் மருத்துவர் நம்பெருமாள்சாமி. அம்பாசமுத்திரத்துக்காரர். நெல்லைச் சீமை அம்பாசமுத்திரம் இல்லை, நம் தேனிப் பக்கத்துச் சிற்றூர். விவசாயக் குடும்பம்.

அரவிந்த் கண் மருத்துவமனை என்றதும் எல்லோருக்கும் டாக்டர் வெங்கடசாமி முகம்தான் வரும். வரவேண்டியதுதான். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு லட்சம் பேருக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 1976இல், 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அன்றைக்கே அவரோடு நின்றவர்கள் தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் நம்பெருமாள்சாமியும். தொடங்கியவருக்குச் சிலை வைக்கிற நாம், பக்கத்தில் நின்று பாரம் சுமந்தவரைச் சட்டென்று மறந்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கண் வைத்தியத்தின் அந்தப் பழைய காலம் எப்படி இருந்தது? அறுபதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். தாத்தாவுக்குக் கண் மங்கினால் வீட்டில் ஒரே பேச்சு: "புரை முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்." டாக்டரும் அதையேதான் சொல்வார். முத்திய புரையைத்தான் எடுப்பார்கள். எடுத்தபின் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றி வைத்த இடம் மறந்துபோனால், அதைத் தேடுவதற்கே இன்னொருவர் கண் வேண்டும். திண்ணைக்கு ஒரு தாத்தா அப்படி இருந்தார்.

கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தது. ஆனால் அது வெளிநாட்டுச் சரக்கு, நூறு டாலர் வரை விலை. 1992இல் அரவிந்தின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. முத்தும்வரை காத்திருக்கும் கட்டாயம் போனது. திண்ணையிலிருந்து சோடாபுட்டியும் போனது.

நம்பெருமாள்சாமி பிடித்த வேலை அதைவிடச் சங்கடமானது. அவர் விழித்திரை மருத்துவர். புரை என்பது ஜன்னல் கண்ணாடியில் படிந்த அழுக்கு மாதிரி, எடுத்துவிட்டால் வெளிச்சம் வந்துவிடும். சர்க்கரை நோய் விழித்திரையில் செய்யும் வேலை அப்படியில்லை. நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியும், உடையும். வலிக்காது. முதலில் பார்வையும் குறையாது. பேப்பர் படிக்க முடிகிறது, பஸ் நம்பர் தெரிகிறது, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி? மங்கத் தொடங்கியபின் ஓடினால் லேசர் வைத்து மிச்சப் பார்வையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். போனது பெரும்பாலும் போனதுதான்.

தலைமுறை தலைமுறையாக "முத்தட்டும்" என்று பழகிய ஜனத்திடம் போய், "ஒன்றும் தெரியாதபோதே வாருங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. வெங்கடசாமிக்குப் பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 2010இல் டைம் பத்திரிகையின் செல்வாக்குமிக்க நூறு பேர் பட்டியலிலும் பெயர் வந்தது. இந்தப் பழக்கத்தை மாற்றுவது மட்டும் அவருக்கும் லேசாக இருந்திருக்காது. காலை காபியில் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டே இதைக் கேட்கிறவர்களுக்கும் அது தெரியும்.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகள் வரிசையாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போவார்கள். "கண்ண மூடிக்கங்க பாட்டி, தொறக்கக் கூடாது." ஐந்து நிமிஷத்தில் பாட்டி ஒரு கண்ணைத் திறந்து பக்கத்திலிருப்பவரிடம் எந்த ஊர் என்று விசாரிப்பார். கண் பாப்பா விரிந்தால்தான் உள்ளே விழித்திரை தெரியும். அன்றைக்குப் பொழுது கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். அந்த அலுப்புக்கே வராமல் இருப்பவர்கள் நிறைய.

விழித்திரைப் படத்தைக் கணினியே பார்த்துச் சொல்லும் முறையை கூகுள் உருவாக்கியபோது, அதைச் சோதிக்க அரவிந்தோடும் சேர்ந்தது. கண் டாக்டரே இல்லாத ஊரிலும் ஒரு கேமராவை வைத்துப் படமெடுத்துக் கேட்டுக்கொள்ள இன்று வழி இருக்கிறது. பதில் சொல்லக் கணினிக்கு அதிக நேரம் ஆகாது. படம் எடுக்கும் நாற்காலி வரைக்கும் ஆளைக் கூட்டி வரும் வேலை மட்டும், நம்பெருமாள்சாமி விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது.