பொறுப்பைத் தேடுகிறோமா? பதவியைத் தேடுகிறோமா?



தமிழக முஸ்லிம்களின் உரிமைகளுக்காக 1995-ல் தமுமுக தொடங்கப்பட்டது. 2004-ல் அதன் தலைவர்களில் ஒரு சாரார் விலகி தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தை அமைத்தார்கள். தமுமுகவின் அரசியல் கட்சியாக 2009-ல் மனிதநேய மக்கள் கட்சி வந்தது. அதிலிருந்து பிரிந்தவர்கள் 2016-ல் மனிதநேய ஜனநாயக கட்சியைத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. யாருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். தலைவர்களின் பிளவு மேடையோடு நிற்பதில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அறந்தாங்கி போன்ற நம் ஊர்களின் தெருக்களுக்கும் அது வந்துவிடுகிறது. ஆகவே நம் உள்ளத்தை நாமே சோதித்துக்கொள்வோம்.

பதவியைக் கேட்கலாமா?

பதவியைக் கேட்டு வந்த இருவருக்கு, கேட்பவரிடம் அதை ஒப்படைப்பதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள். இது முரண்பாடா? இல்லை. பஞ்சம் வரப்போகிறது, மக்களைக் காக்கும் அறிவு தம்மிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்டது வேலையை. நம்மில் பலர் கேட்பது நாற்காலியை.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? காலித் பின் வலீத் (ரலி) அவர்களைப் பாருங்கள். வெற்றிமேல் வெற்றி கண்ட தளபதி. உமர் (ரலி) அவர்கள் அவரைத் தலைமையிலிருந்து நீக்கி, அபூஉபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். காலித் தனிப்படை திரட்டவில்லை. புதிய தளபதியின் கீழ் நின்று போரிட்டார்கள்.

நாம் செய்ய நினைத்த இரத்த தானத்தை வேறு அமைப்பு செய்துவிட்டால், ஒரு நோயாளி பிழைத்தார் என்று மகிழ்கிறோமா? அவர்கள் பேனர் முந்திவிட்டதே என்று மனம் சுருங்குகிறதா? அந்தச் சுருக்கத்தில்தான் நோய் இருக்கிறது.

ஒற்றுமையின் பெயரால்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரவு செலவுக் கணக்கு கேட்பவரை, தவறைச் சுட்டுபவரை, "பிளவு உண்டாக்குகிறான்" என்று வாயடைப்பதும் பதவி ஆசையே. உமர் (ரலி) அவர்கள் தம்மைக் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள். கேள்விக்கு இடமில்லாத ஜமாஅத்தில் மனக்கசப்பு உள்ளேயே வளர்ந்து, ஒருநாள் பிளவாக வெடிக்கும்.

எனவே சகோதரர்களே! நிர்வாகத்தில் இருப்பவர்கள் கணக்கைத் தாமாகவே முன்வையுங்கள். தவணை முடிந்தால் மனமுவந்து விலகுங்கள். விலகியவர் அடுத்த ஜுமுஆவிலும் அதே ஸஃப்பில் நின்று, புதியவருக்குத் தோள் கொடுங்கள்.

புகழாசையிலிருந்து நம் உள்ளங்களை அல்லாஹ் தூய்மைப்படுத்துவானாக! ஆமீன்.