உடையவருக்கே திருப்பிக் கொடுங்கள்



ஆயக்காரனாகிய சக்கேயுவை நீங்கள் அறிவீர்கள். ஆண்டவர் அவன் வீட்டுக்கு எழுந்தருளியபோது அவன் அழுதான் என்று அர்ச். லூக்காஸ் எழுதவில்லை. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் எடுத்ததை எடுத்தவனுக்கே நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாகவும் அவன் சொன்னான் என்றே எழுதியிருக்கிறார். முன்னது தர்மம், பின்னது கடன். தர்மத்தைக் கொண்டு கடனைத் தீர்க்க முடியாது. அயலான் ஆட்டைத் திருடினவன் கோவிலுக்கு மெழுகுதிரி வாங்கி வைத்தால் ஆடு வீடு திரும்புமா? உடையவன் இன்னான் என்று தெரிந்திருக்கும்போது அவனுக்கே ஈடு செய்ய வேண்டும் என்பது ஏழாம் கற்பனையைப் பற்றிய திருச்சபையின் போதகம்.

இந்தக் கடமை மனிதருக்குள் மாத்திரந்தானா? ஒரு பட்டணத்தின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

அமெரிக்காவிலே கலிபோர்னியாவில் 1781-ம் ஆண்டில் சம்மனசுகளின் இராக்கினியான தேவமாதாவின் பேரால் ஓர் ஊர் உண்டாயிற்று. அதுதான் லாஸ் ஏஞ்சல்ஸ். ஜனம் பெருகியது, தண்ணீர் போதவில்லை. ஆகவே 1913-ல் ஏறக்குறைய 375 கிலோமீட்டர் தூரத்துக்குக் கால்வாயும் குழாயும் அமைத்து, தூரத்துப் பள்ளத்தாக்கிலிருந்த ஓவன்ஸ் ஆற்றைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். தாகமுள்ளவன் தண்ணீர் தேடுவது பாவமல்ல. ஆனால் ஆறு போய்ச் சேர்ந்த ஓவன்ஸ் ஏரி 1920-களில் வறண்டுபோயிற்று. அங்கே இறங்கி இரைதேடிய பறவைகளுக்கு நீரில்லை. ஏரிப்படுகையின் உப்புத்தூள் காற்றில் கிளம்பி, அக்கம்பக்கத்து ஜனங்களின் சுவாசத்தைக் கெடுத்தது. 1970-ல் இரண்டாவது கால்வாயும் வந்தது. அதை நிரப்ப நிலத்தடி நீரை இறைத்தார்கள். பல ஊற்றுகளும் சதுப்புநிலங்களும் காய்ந்தன.

“நிலத்துக்குக் கிரயம் கொடுத்தோமே” என்று பட்டணத்தார் சொல்லலாம். மெய்தான். நிலத்தை விற்றவன் பணம் பெற்றான். கொக்கும் உள்ளானும் என்ன பெற்றன? அவைகளுக்கும் உடையவர் ஒருவர் உண்டு. அவர் சர்வேசுரன். சிருஷ்டிகளை மனிதனுக்கு உதவும் பொருளாக மாத்திரம் மதிக்கலாகாது என்று பிரான்சிஸ் பாப்பரசரும் தமது 2015-ம் ஆண்டு நிருபத்தில் போதித்தார்.

வெகுகாலம் வழக்கு நடந்தது. நிலத்தடி நீரை இறைத்ததால் வந்த சேதத்துக்கு ஈடாக, வறண்டுகிடந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளத்துக்கு, மறுபடி நீர் விடுவதென்று 1997-ல் உடன்படிக்கை ஆயிற்று. 2003-க்குள் விடவேண்டிய நீர் வரவில்லை. 2005-ல் நீதிமன்றம் நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. 2006 டிசம்பரில்தான் நீர் ஓடிற்று. கோரையும் நாணலும் முளைத்தன, பறவைகள் வந்தன. ஏரிப்படுகையிலும் தூசியை அடக்க 2001 முதல் ஆங்காங்கே நீரைப் பரப்பினார்கள். அங்கேயும் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. இதற்கெல்லாம் செலவு நூறு கோடி டாலருக்கு மேல். ஆயினும் பழைய ஏரி பழையபடி திரும்பவில்லை.

பிரியமானவர்களே, இதில் இரண்டு பாடம் உண்டு. எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தார்கள், ஆகையால் பறவைகள் வந்தன. வெகுகாலம் தாமதித்தார்கள், ஆகையால் முழுவதும் திரும்பவில்லை. தாமதித்த கடன் வளரும். சில சேதங்களுக்கோ எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது. ஆகையால் எடுப்பதற்கு முன்னே யோசிக்க வேண்டும்.

நம்மையும் சோதித்துப் பார்ப்போம். ஏரியை வீட்டுமனையாக்கிவிட்டுத் தெருவோரம் நாலு மரக்கன்று நடுவது ஈடாகுமா? வரப்பைத் தள்ளிப்போட்டவனும், தம்பியின் பங்கை அமுக்கினவனும் பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை வந்து முழங்காலில் நிற்கிறார்கள். குருவானவர் கட்டளையிட்ட அபராதத்தைத் தீர்த்து, மூன்று அருள்நிறை மந்திரமும் சொல்லிவிட்டு, சமாதானமாய் வீடு போகிறார்கள். வரப்பு தள்ளின இடத்திலேயே கிடக்கிறது! திருப்பிக் கொடுக்கக்கூடியவன் கொடுக்க மனமில்லாதிருந்தால், அவன் மனஸ்தாபம் மெய்யான மனஸ்தாபமல்ல.

சக்கேயு ஆண்டவர் முன்னிலையில், அன்றே, தன் வாயால் சொன்னான். அன்றே அவன் வீட்டுக்கு இரட்சணியம் வந்தது. நாமும் இந்த வாரத்திலேயே, யாருக்கு என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குடும்பமாய் உட்கார்ந்து யோசித்து, கொடுக்கத் தொடங்குவோமாக. அதற்கு வேண்டிய வரப்பிரசாதத்தைத் தேவமாதா நமக்குப் பெற்றுத் தருவார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு