லிமிடெட் என்றால் எது வரைக்கும்?

வட்டக்கானலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சர்வதேச வணிகம், அதில் நிதியும் சட்டமும். 'மாமா, இதப் படிக்கலாமா?' கூட வந்திருந்த தோழர் முந்திக்கொண்டார்: 'எதுக்கு? கம்பெனிக்காரனுக்குக் கணக்கெழுதவா?' பிள்ளை முகம் சுண்டிப்போச்சு. நம்ம ஆட்களிடம் இது பழைய பழக்கம். கவிதை எழுதலாம், வரலாறு படிக்கலாம். பணத்தைப் பற்றிப் படித்தால் மட்டும் தீட்டு. நமக்கு நாமே வைத்துக்கொண்ட தீட்டு.

அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, பாம்பார் சோலைக்கு மேலே, ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்தது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்ததை 1980களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து மலைமேல் வைத்தார்கள். 1987இல் சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் கம்பெனியை யூனிலீவர் வாங்கியபோது இதுவும் கூடவே போனது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. யார் கைக்கு மாறினாலும் உள்ளே இருந்தவர்களுக்கு அதே பாதரசம்தான். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்தினார்கள். ஃபேக்டரி மூடியது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. வேலையால் யார் உடம்பும் கெடவில்லை என்பதே கம்பெனியின் நிலை. கொடுத்த தொகைக்கு மனிதாபிமானம் என்று பேர்.

எனக்கு உறுத்துவது கம்பெனிப் பெயரின் வால்: 'லிமிடெட்'. எது லிமிடெட்? பொறுப்பு. பங்கு வைத்திருப்பவன் போட்ட பணத்துக்கு மேல் ஒரு பைசா இழக்க மாட்டான். தாய்க் கம்பெனி வேறு ஆள், பிள்ளைக் கம்பெனி வேறு ஆள் என்று சட்டம் சொல்லும். லாபம் மட்டும் சொந்தபந்தம் பார்த்து வீடு போய்ச் சேரும். உழைக்கிறவன் சிறுநீரகத்துக்கு ஏது லிமிடெட்? யோசித்தால் சாதியும் இப்படியொரு லிமிடெட் கம்பெனிதான். மலம் ஊருடையது, அள்ளுகிற பொறுப்பு சேரியுடையது.

இந்தத் தந்திரத்தைப் படிக்காமல் இதை எப்படி உடைப்பது? அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தது பொருளாதாரம். கிரேஸ் இன்னில் சட்டம். 1923இல் வெளிவந்த ரூபாய் பற்றிய நூலில், நாணய மதிப்பு விழுந்தால் விலைவாசி ஏறுகிற வேகத்துக்குக் கூலி ஏறாது, ஆதாயம் முதலாளிக்கே என்று காட்டினார். கணக்குக்குள் இறங்கி, அடி யார் வயிற்றில் விழுகிறது என்று பார்த்தவர்.

ஆனால் தோழர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கைமாற்றுப் பத்திரங்களை எழுதினவங்களும் நல்லாப் படிச்சவங்கதானே? 'நாளைக்கு உன் மேஜைக்கு அப்படி ஒரு பத்திரம் வந்தா என்ன பண்ணுவே?' என்று கேட்டேன்.

'கழிவு எங்க போகுதுன்னு முதல்ல கேப்பேன் மாமா.'

'கேட்டா வேலை போயிருமே' என்றார் தோழர்.

அவள் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. பேனா கேட்டாள், கொடுத்தேன்.