எதிர்முனைக்காரரின் பாதி

ஹைதராபாதில் அதிகாலை நான்கு மணிக்கு ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர் ஜப்பானில் உள்ள ஒருவருடன் பேசினால், தொடர்புகளைப் பதியும் லாக் புக்கில் அவர் எழுதுவது முந்தைய நாள் தேதியும் 22:30 என்ற நேரமும்தான். ஹாம்கள் எனப்படும் இந்த ரேடியோக்காரர்கள் உலகம் முழுக்க யூ.டி.சி. என்ற பொது நேரத்தில் பதிவு வைக்கிறார்கள். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அவரவர் ஊர் நேரத்தை எழுதினால் இரண்டு ஏடுகளும் ஒத்துப்போகாது. இன்னொருவரோடு சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டுமென்றால் நம் கடிகாரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு விதிகளே லாக் வைக்கச் சொல்கின்றன. ஆனால் விதிக்காக மட்டும் எழுதுகிற ஏடு அல்ல இது. நூறு நாடுகளையும் பகுதிகளையும் தொடர்புகொண்டவருக்கு அமெரிக்க ரேடியோ ரிலே லீக் தரும் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கு, ஒவ்வொரு தொடர்பையும் எதிர்முனையில் இருப்பவர் உறுதிசெய்ய வேண்டும். அவரிடமிருந்து க்யூ.எஸ்.எல். என்ற உறுதி அட்டை வருவது அதற்காகத்தான். நான் எழுதாமல் விட்டால் அவர் பேசியதற்கு ஆதாரம் இல்லை. அப்படியானால் என் ஏடு யாருடையது?

பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது இந்தக் கேள்வி எனக்கு வலுத்தது. தேதி வாரியாக இருந்தவரை அது என் டைரி. ஒவ்வொரு நிலையத்துக்கும் அடையாளமான அழைப்புக்குறி வாரியாக அடுக்கியதும் மனிதர்கள் எழுந்து வந்தார்கள். வி.யூ.2 என்று குறி தொடங்கும் ஓர் இந்திய நிலையம்: 7 மெகாஹெர்ட்ஸ், சிக்னல் 57, குறிப்பில் "மழை, மகளுக்குத் தேர்வு". அடுத்த வரி, அதே குறி, வேறொரு வருடம்: "மகள் வேலைக்குப் போகிறாள்". இடையில் நான் எத்தனையோ பேரோடு பேசியிருந்தாலும், அவருடைய வாழ்க்கை என் ஏட்டில் இரண்டே வரிதான். அந்த இரண்டு வரியும் சரியாக இருக்க வேண்டாமா?

அதனால்தான், ஹாம்களின் போட்டி நேரத்தில் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 59 என்று சொல்லும் வழக்கம் எனக்கு உறுத்துகிறது. தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலிமை ஒன்பதுக்கு ஒன்பது என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "பெயரை மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கிறோம். கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இது மரியாதைக்கு மட்டுமான விஷயமும் அல்ல. 2004 டிசம்பரில், ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழுவை அந்தமானுக்கு அனுப்பியது. அங்கிருந்து வி.யூ.4 என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒலித்துப் பல வருடங்கள் ஆகியிருந்ததால் உலக ஹாம்கள் அந்தத் தொடர்புக்குக் காத்துக் கிடந்தார்கள். 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. விருதுக்கான தொடர்புகளை ஏற்றுக்கொண்டிருந்த அதே கருவிகள், உறவினர் பிழைத்திருக்கிறாரா என்று தவித்தவர்களின் செய்திகளைச் சுமந்தன. ஒரு பெயரைப் பிசகாமல் கேட்டு, திருப்பிச் சொல்லி, நேரத்தோடு எழுதும் பழக்கம் இல்லாத கையால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் வீட்டில் மறைந்துபோன ஒரு ஹாமின் லாக் புக் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள ஹாம் சங்கத்தில் காட்டுங்கள். அதிலுள்ள ஏதோ ஒரு வரிக்கு இன்னும் அட்டை போகாமல் இருக்கலாம்.