வாழைமர நோட்டும் வாங்கிய கடனும்



சட்டம் தீர்ந்துவிட்டதென்று சொல்லும் கடன், அல்லாஹ்வின் சந்நிதியிலும் தீர்ந்ததாகுமா? இக்கேள்விக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே பெரியதோர் உதாரணம் இருக்கிறது.

1942 ஜனவரி 11-ஆம் தேதி ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தனர். அவர்கள் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தமையால், ஜனங்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். கணக்கின்றி அச்சடித்ததால் அதன் மதிப்பு நாளுக்கு நாள் தேய்ந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், பழைய 100 வெள்ளிக்கு ஈடாக 10,000 வெள்ளிக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷார் திரும்பியதும் அது செல்லாக் காகிதமாயிற்று.

போருக்கு முன் நல்ல வெள்ளியாக வாங்கிய கடனை இந்த நோட்டில் அடைத்தவர்கள் பலர். செட்டியார்கள் முதலிய கடன் கொடுத்தோர் பெரும் நஷ்டமடைந்தனர். 1948-இல் மலாயாவில் இயற்றப்பட்ட சட்டம், அவ்வாறு அடைத்ததும் பொதுவாகச் செல்லும் என்றது.

அடைத்தவர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று. வாழைமர நோட்டையே கூலியாகவும் லாபமாகவும் பெற்றவர், தவணை வந்தபோது அதையே கொடுத்தார். வேறு எதைக் கொடுப்பார்? ஆனால், நோட்டு சரிவதைக் கண்டு, தவணை வருமுன்னரே கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நிலை வேறு. தம் நிலத்துக்கோ நகைக்கோ விலையாக அந்தக் கட்டை அவர் வாங்கியிருக்க மாட்டார். தம் நஷ்டத்தை, நம்பிக் கொடுத்தவர் தலையில் இறக்கிவைத்தார்.

செப்புக்காசின் மதிப்பு மாறினால் கடனை எப்படித் தீர்ப்பது என்று இமாம்கள் அக்காலத்திலேயே ஆராய்ந்துள்ளனர். வாங்கிய எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும் என்றார் இமாம் அபூஹனீபா. மதிப்பையே கொடுக்கவேண்டும் என்றார் அவர்தம் மாணவர் இமாம் அபூயூஸுப். இதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். ஆயினும், கொடுத்தவரின் நிய்யத்து எத்தகையது என்பதை அவர் உள்ளமே அறியும்.

இன்று வாழைமர நோட்டு இல்லை. அந்தப் புத்தி மட்டும் இருக்கிறது. கிள்ளான் மொத்த வியாபாரி 30 நாள் தவணையில் சரக்கு அனுப்புகிறார். பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் அதை விற்று, அந்த முதலைக் கொண்டே வேறு சரக்குப் பிடித்து, ஆறு மாதம் கழித்து ஒரு சென் குறையாமல் கட்டுகிறார். அதற்குள் விலை ஏறிவிட, அதே பணத்துக்கு அதே சரக்கு மொத்த வியாபாரிக்குக் கிடைப்பதில்லை. கூடுதல் கேட்டால் வட்டியாகுமே என்று அவர் அஞ்சுகிறார். வாடிக்கை போய்விடுமே என்று மௌனமாயிருக்கிறார். அந்த மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளலாமா? வட்டி கேட்கமாட்டார் என்பதற்காகவே அவருக்கு நாள் தவறாமல் கொடுப்பது நம்மீது இருமடங்கு கடமையன்றோ!

கையில் இல்லையென்றால் நேரில் சென்று தவணை கேளுங்கள்; அதில் வெட்கமில்லை. இருந்தும் கடத்துவதே அநீதி.

கடனைக் கட்டுமுன் ஒன்று யோசியுங்கள்: இத்தொகையை, இந்நாளில், அவரிடத்தில் நாமிருந்தால் மனங்கோணாமல் வாங்குவோமா? வாங்குவோமென்றால் பேரேட்டில் பற்றை அடித்துவிடலாம். இல்லையென்றால் அந்தப் பற்று இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.