ரியூசன் குறிப்பு யாருக்குச் சொந்தம்?



க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் நம் குடாநாட்டுப் போட்டோப் பிரதி நிலையங்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. தனியார் கல்வி நிலையங்களில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள், ஆசிரியர் அச்சிட்டு வழங்கும் பாடக்குறிப்புகளையும் வினாத் தொகுப்புகளையும் கொண்டுவந்து பிரதி எடுக்கிறார்கள். ‘ரியூற்’ என்று அவர்கள் சொல்லும் இத்தாள்கள், அந்த வகுப்பின் வாசலையே மிதியாத பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேருகின்றன. இப்பொழுது அதற்குத் தாளும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் ஒரு நிமிடத்தில் நூறு பேரிடம் போய்விடும்.

சில ஆசிரியர்கள் இதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் ‘பிரதி செய்யக் கூடாது’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். இவர்களுள் யார் பக்கம் நியாயம்? காசு கொடுத்துப் பெற்ற குறிப்பைக் காசில்லாத தோழனுக்குக் கொடுப்பது பிறர்சிநேகமா? அல்லது ஆசிரியரின் கூலியைக் களவெடுப்பதா? நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் செய்யும் காரியம் இது. ஆதலால் பெற்றோராகிய நாமும் இதைச் சிந்தித்தேயாக வேண்டும்.

முதலில் ஆசிரியர் பக்கத்தைப் பார்ப்போம். நல்லதொரு பாடக்குறிப்பு ஒரே இரவில் உருவாவதில்லை. பல ஆண்டுகளின் வினாத்தாள்களைப் புரட்டி, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கவனித்து, ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி எழுதியதன் பலனே அது. ரியூசனையே தொழிலாகக் கொண்ட ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளமுமில்லை, ஓய்வூதியமுமில்லை. வகுப்புக் கட்டணத்திலேயே அவர் வீட்டு அடுப்பும் எரிகிறது. வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் போதனை அல்லவா?

நாட்டின் சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூலை மட்டுமன்றி விரிவுரையையும், ஏன், பிரசங்கத்தையும்கூட ஆக்கியவருக்கு உரியதாகவே கொள்கிறது. அவருடைய வாழ்நாள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். ஆனால் அதே சட்டம் வெறும் கருத்துக்கு எவரையும் உரிமையாளர் ஆக்குவதில்லை. நியூட்டனின் விதி எந்த மாஸ்டருக்கும் சொந்தமன்று. அதை விளக்க அவர் எழுதிய வசனங்களும் வரைந்த படங்களுமே அவருடையவை.

இதற்கு ஒத்ததொரு வேறுபாட்டைத் திருச்சபையின் அறிஞர்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவு இறைவனின் கொடை, ஆதலால் அதை விற்கலாகாது என்பது அக்காலத்தில் வழங்கிய நியதி. அப்படியானால் ஆசிரியர் பட்டினி கிடப்பதா என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியர் பெறுவது அறிவுக்கான விலையன்று, அவர் உழைப்புக்கான ஊதியமே என்று திருச்சபைச் சட்ட அறிஞர்கள் விடை கண்டார்கள். 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கமோ, ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு வருவாய் ஒதுக்க வேண்டுமென்றும், அவர் அவ்வாலயத்தின் குருநிலையினருக்கும் ஏழை மாணவருக்கும் கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டுமென்றும் விதித்தது. ஏழைக்குக் கல்வி கொடு என்று ஆசிரியருக்குச் சொன்ன சங்கம், ஆசிரியருக்குச் சோறு போடு என்று சமூகத்துக்கும் சொல்லிவைத்ததைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும் இவ்விரண்டையும் சேர்த்தே செய்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆனால் அந்த இலவசப் பாடநூல் பதினோராம் தரத்தோடு நின்றுவிடுகிறது. உயர்தரத்துக்குப் போகும் ஏழைப் பிள்ளை, மற்றவர்கள் பணம் கொடுத்துப் பெறும் குறிப்புகளை ஏக்கத்தோடு பார்க்கிறது.

ஆகவே குறிப்பு கைமாறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதனால் யாருடைய கூலி குறைகிறது? கட்டணம் கட்ட எவ்வகையிலும் வழியில்லாத பிள்ளைக்குத் தோழி தன் குறிப்பைக் கொடுத்தால் ஆசிரியருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அந்தப் பிள்ளை எப்படியும் அவர் வகுப்புக்கு வந்திராது. வசதியுள்ள ஐந்து வீட்டார் கூடிப்பேசி, ஒரு பிள்ளையை மட்டும் வகுப்புக்கு அனுப்பி, மற்ற நால்வருக்கும் பிரதி எடுப்பது வேறு காரியம். அங்கே நான்கு பேரின் கூலி மறுக்கப்படுகிறது. ஓராண்டுக் குறிப்பு முழுவதையும் கட்டி, ஆசிரியரின் பெயரை நீக்கி, கடையில் விலைக்கு விற்பதோ ஐயத்துக்கு இடமில்லாத களவு.

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் குறிப்புகளைக் கையால் பார்த்தெழுதிப் படித்த தலைமுறை நம் நடுவே இருக்கிறது. அதை யாரும் களவென்று சொல்லவில்லை. அன்று பார்த்தெழுதியவன் தானும் உழைத்தான். எழுதும்போதே பாதிப் பாடம் மனதில் பதிந்தது. இன்று அந்த உழைப்பும் இல்லை. நூறு பக்கப் பீ.டீ.எவ். கோப்புத் தொலைபேசியில் வந்து சேர்ந்துவிட்டதாலேயே பாடம் படித்தாயிற்று என்று மயங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

இனி, வெளியே பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பல துறைகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீத இடங்கள் மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஆகையால் பக்கத்து வாங்கில் இருக்கும் தோழனே தன் முதற் போட்டியாளன் என்று பிள்ளை நினைக்கிறது. “மாஸ்டர் கொடுக்கக் கூடாதென்றவர்” என்று சொல்லிக் குறிப்பை ஒளித்துவைக்கும் பிள்ளைக்கு, பலவேளைகளில் மாஸ்டரின் உரிமையைப் பற்றிய கவலையில்லை. அவன் முந்திவிடுவானே என்ற பயமே உண்டு. அந்தப் பயத்தை வளர்ப்பவர்கள் நாமல்லவா?

பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு மருந்து சொல்லியிருக்கிறார். ஆசிரியரிடம் கேட்பதால் கிடைப்பது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதாலேயே மற்ற அரைப்பங்கும் நிறையும் என்பது அவர் கணக்கு. பாடம் கேட்கத் தகுந்தவர் வரிசையில், பொருள் மிகக் கொடுப்பவனையும் பணிந்து வழிபடுபவனையும் அவர் ஒன்றாகவே வைத்தார் என்பதும் நினைவுகூரத் தக்கது. தோழனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை எதையும் இழப்பதில்லை. தன் அரைப்பங்கைச் சேர்த்துக்கொள்கிறது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, உங்கள் குறிப்பைத் தோழருக்கு இரவல் கொடுக்க மாணவரை அனுமதியுங்கள். விற்கவோ பெயரை நீக்கவோ கூடாதென்று மட்டும் திடமாகச் சொல்லுங்கள். நீங்கள் வாய்திறந்து அனுமதித்தால், ஏழைப் பிள்ளை களவெடுத்தவள்போல் கூசி நிற்க வேண்டியதில்லை. இயலுமானால் ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்குக் கொடுங்கள். அங்கே வந்திருந்து எந்தப் பிள்ளையும் படிக்கட்டும்.

பெற்றோரே, கட்ட வசதியிருந்தால் கட்டணத்தைக் கட்டுங்கள். மிச்சம் பிடிப்பதற்கு ஆசிரியரின் கூலி ஏற்ற இடமன்று. மாணவச் செல்வங்களே, கொடுக்குமுன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சம்மதித்தால் தாளை மட்டும் கொடுத்துவிட்டு நில்லாமல், தோழனோடு உட்கார்ந்து அதைப் படித்து விளங்கப்படுத்துங்கள். அவன் உங்களை முந்திப் பல்கலைக்கழகம் போனாலும் உங்களுக்குத் தெரிந்த பாடம் உங்களை விட்டுப் போகாது.